ஆட்டக்காரர் யாருடைய சொத்து?

 

காற்பந்துப் பருவம் முடிந்ததும் நமது செடெனாக்கில் இன்னொரு பருவம் தொடங்கிவிடுகிறது. அது பேச்சுப் பருவம். எந்த ஆட்டக்காரர் எந்தக் குழுவை விட்டுப் போகிறார், எந்தக் குழு அவரை எடுத்துக்கொள்கிறது, எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எத்தனை ஆயிரம் வெள்ளி சம்பளம் என்னும் பேச்சு, தேநீர்க் கடை மேசைகளில் மட்டுமன்று, ஜும்ஆ முடிந்து வெளியே வரும் வேளையிலும் ஓயாமல் நடக்கிறது. பேச்சு சூடேறும்போது இரண்டு சொற்கள் தவறாமல் வந்து விழுகின்றன. ஒன்று “துரோகி”, மற்றொன்று “விற்றுவிட்டார்கள்.”

இவ்விரண்டு சொற்களையும் சற்று நிறுத்திவைத்து ஆராய வேண்டும் என்பதே நமது நோக்கம். விளையாட்டைப் பற்றிய பேச்சுத்தானே என்று இதனைத் தள்ளிவிடுதல் கூடாது. ஒப்பந்தம், கூலி, மனிதனுடைய சுதந்திரம் ஆகிய மூன்றும் இதில் அடங்கியிருக்கின்றன. இம்மூன்றைப் பற்றியும் நமது மார்க்கம் மிகக் கண்டிப்பாகப் பேசியிருக்கிறது. பந்து திடலுக்குள் உருளலாம். நியாயம் திடலுக்கு வெளியேயும் நிற்க வேண்டியதன்றோ?

புகாரி கிரந்தத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று இருக்கிறது. மறுமை நாளில் மூன்று பேருக்கு எதிராகத் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் கூறுவதாக நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். முதலாமவன், இறைவன் பெயரால் வாக்குக் கொடுத்துப் பின்னர் மோசம் செய்தவன். இரண்டாமவன், சுதந்திர மனிதன் ஒருவனை விற்று அந்தக் கிரயத்தை உண்டவன். மூன்றாமவன், கூலியாளை அமர்த்தி அவனிடம் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவன்.

இம்மூவரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் காற்பந்து உலகத்தின் விவகாரம் முழுவதும் அதில் அடங்கிவிடக் காண்கிறோம். இன்னொன்றையும் காண்கிறோம். இந்த மூன்று குற்றங்களுள் ஆட்டக்காரர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதாவது வாக்குத் தவறுதல். அதனைக் குழுவும் செய்யலாம். மற்ற இரண்டும் முழுக்க முழுக்கக் குழுவை நடத்துகிறவர்களின் கையில் இருப்பவை. நமது கோபமோ பெரும்பாலும் ஆட்டக்காரர் மீதே பாய்கிறது. இது ஏன் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

அன்றைய பற்றும் இன்றைய காகிதமும்

முன்னாளில் நம் நாட்டுக் காற்பந்து மாநிலப் பற்றின் மீது நின்றது. ஆட்டக்காரர்கள் பகலில் அலுவலகத்திலோ வங்கியிலோ வேலை பார்ப்பார்கள். மாலையில் பயிற்சிக்கு வருவார்கள். செலாங்கூருக்கு ஆடிய மொக்தார் டஹாரியையும் கோல் காவலர் ஆறுமுகத்தையும் இன்றும் பெரியவர்கள் பெயர் சொல்லிப் போற்றுகிறார்கள். அக்காலத்தில் ஒருவர் தம் மாநிலத்துக்கு ஆடினார் என்றால் அது அவருடைய பிறப்போடும் இருப்பிடத்தோடும் ஒட்டிய காரியம். எழுதிய ஒப்பந்தம் அதில் பெரிய இடம் பெறவில்லை.

1989-ல் நம் நாட்டு லீக் பாதித் தொழிலாகவும் 1994-ல் முழுத் தொழிலாகவும் மாறிற்று. தொழில் என்று ஆனதும் காகிதம் வந்தது. காகிதத்தோடு தவணை வந்தது. தவணையோடு பேரமும் வந்தது. நம் ஜொகூர் மாநிலம் 1985-லும் 1991-லும் மலேசியக் கிண்ணத்தை வென்றது பலருக்கு நினைவிருக்கும். 2013-ல் ஜொகூர் டாருல் தக்சிம் என்னும் பெயரோடு குழு புது உருவம் பெற்றது. அந்தப் பருவத்துக்குச் செலாங்கூரிலிருந்து சாஃபிக் ரஹீம் வந்தார். கிளந்தானிலிருந்து நோர்ஷாருல் இட்லான் வந்தார். 2014 தொடங்கிச் சூப்பர் லீக் பட்டம் ஆண்டுதோறும் நம் மாநிலத்துக்கே வரலாயிற்று. 2015-ல் துஷான்பே நகரில் நடந்த ஆசியக் காற்பந்து சம்மேளனக் கிண்ண இறுதியாட்டத்தில் தாஜிகிஸ்தானின் இஸ்திக்லோல் குழுவை 1–0 என வென்று திரும்பியபோது நாம் கொண்ட பெருமிதம் சாமான்யமானதன்று.

இங்கு ஒரு கேள்வி. வெளி மாநில ஆட்டக்காரர்கள் நம்மிடம் வந்தபோது நம்மில் எவராவது அவர்களைத் துரோகி என்று அழைத்தோமா? இல்லை. கைதட்டி வரவேற்றோம், அவர்களுடைய பெயர் பொறித்த சட்டையைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தோம். அவர்களை இழந்த மாநிலத்தார் எப்படிப் பேசினார்கள் என்பதை நாம் காதில் வாங்கவில்லை. பிறகு நம் குழுவிலிருந்து ஒருவர் வெளியேறும்போது அதே சொல் நம் வாயில் வருமானால், நாம் அளப்பது இரண்டு படியால் என்பது வெளிப்படை. அளவையில் மோசம் செய்வோரைத் திருமறை எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை வியாபாரிகளான நமக்கு நினைவூட்டத் தேவையில்லை. வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது ஒரு படி என்பது அரிசிக்கு மட்டும் ஆகாதென்பதன்று, சொல்லுக்கும் ஆகாது.

மனிதனை விற்கலாமா?

இனி “விற்றுவிட்டார்கள்” என்னும் சொல்லுக்கு வருவோம். பத்திரிகைகளிலும் இந்தச் சொல்லே வழங்குகிறது. இத்தனை மில்லியனுக்கு விற்பனை, இத்தனை மில்லியனுக்கு வாங்கினார்கள் என்றே எழுதுகிறார்கள். ஆனால் உண்மையில் விற்கப்படுவது யாது?

ஷரீஅத்தில் விற்பனை வேறு, கூலிக்கு அமர்த்துதல் வேறு. விற்ற பொருளின் மீது விற்றவருக்கு உரிமை இல்லாமற் போகிறது. வாங்கியவருக்கு என்றென்றைக்கும் உரிமை வந்துவிடுகிறது. கூலி ஒப்பந்தமோ இன்ன வேலை, இன்ன தவணை, இன்ன கூலி என்று வரையறுக்கப்பட்டது. அங்கே மாறுவது ஒரு மனிதருடைய உழைப்பின் பயனே தவிர அவருடைய உடலன்று. தவணை தீர்ந்ததும் அந்த மனிதர் தம் வழியே போகலாம்.

காற்பந்து உலகம் இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் ஆட்டக்காரருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்ட பிறகும் அவரைத் தம்மிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளக் குழுவுக்கு உரிமை இருந்தது. குழு விடுவிக்காவிட்டால் அவர் வேறெங்கும் ஆட முடியாது. ஜார்ஜ் ஈஸ்த்தம் என்பவர் நியூகாசில் குழுவில் இருந்தார். 1960-ல் அவர் ஒப்பந்தம் முடிந்தது, அவர் விலக விரும்பினார், குழு விடவில்லை. அவர் ஆட மறுத்துவிட்டுத் தக்கை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரிடம் வேலைக்குப் போனார். பின்னர் குழு இறங்கி வந்து, 47,500 பவுனுக்கு அவரை ஆர்சனல் குழுவுக்கு மாற்றியது. அத்துடன் அவர் நிற்கவில்லை. தமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று வாளாவிராமல் வழக்காடினார். 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஒப்பந்தம் முடிந்த பிறகும் நிறுத்தி வைக்கும் அந்த முறை ஒருவர் தொழில் செய்வதை நியாயமின்றித் தடுக்கிறது என்று தீர்ப்பளித்தார்.

பெல்ஜியத்தில் ழான் மார்க் போஸ்மான் என்பவருக்கு நேர்ந்தது இதனினும் துயரமானது. லியேஜ் குழுவில் அவர் பெற்ற மாதச் சம்பளம் 1,20,000 பிராங்கு. 1990-ல் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் குழு அவருக்கு 30,000 பிராங்கே தருவதாகக் கூறியது. அவர் மறுத்துவிட்டுப் பிரான்சு தேசத்து டன்கர்க் குழுவுக்குப் போக ஏற்பாடு செய்தார். டன்கர்க் குழு பணம் கட்டுமோ கட்டாதோ என்று ஐயுற்ற லியேஜ், மாற்றத்துக்கு வேண்டிய சான்றிதழுக்கு ஏற்பாடு செய்யவில்லை. ஒப்பந்தமும் இல்லை, விடுதலையும் இல்லை. ஐந்தாண்டு வழக்கின் பின், 1995 டிசம்பர் 15-ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புக் கூறிற்று. ஒப்பந்தம் முடிந்துவிட்ட ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக் குழுவுக்குச் செல்லும்போது பழைய குழு பணம் கேட்கக்கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். இன்று உலகெங்கும் ஆட்டக்காரர்கள் அனுபவிக்கும் சுதந்திரத்துக்கு அந்தத் தீர்ப்பே வாயில். போஸ்மானோ தம் ஆட்ட வாழ்வின் நல்ல ஆண்டுகளை நீதிமன்ற வாசலிலே கழித்துவிட்டார்.

ஆகவே தவணைக்கு நடுவில் கைமாறும் பெருந்தொகையின் பொருள் யாதெனில், அது மனிதனுடைய விலையன்று. முடியாமல் எஞ்சியிருக்கும் தவணையை விட்டுக்கொடுப்பதற்கு ஒரு குழு பெறும் ஈடு அது. மூவரும் மனமொப்பிச் செய்தால் அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் ஆட்டக்காரருடைய சம்மதத்தைக் கேளாமல் அவரை அங்கும் இங்கும் தள்ளுவதும், தவணை முடிந்த பின்னும் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு பணம் கேட்பதும் வேறு காரியம். அது, மேலே சொன்ன மூவரில் இரண்டாமவனுடைய காரியத்துக்கு அஞ்சத்தக்க அளவில் நெருங்கி வருகிறது.

வாக்கின் எல்லை

அப்படியானால் ஆட்டக்காரருக்குக் கடமையே இல்லையா? உண்டு, அதுவும் கடுமையான கடமை. எழுதிக் கொடுத்த தவணைக்குள் அவர் தம் முழு உழைப்பையும் தர வேண்டும். வேறொரு குழு கூடுதல் சம்பளம் காட்டியது என்பதற்காகப் பயிற்சிக்கு வராமல் இருப்பதும், இல்லாத காயத்தைச் சொல்லி உட்கார்ந்துகொள்வதும், மனமின்றி ஆடிக் குழுவைத் தோற்கவிட்டு அதன்மூலம் விடுதலை தேடுவதும் வாக்குமோசமே. ஆடுகிறவர் பெரிய பெயர் பெற்றவர் என்பதால் மோசம் சிறிதாகிவிடாது.

வாக்கு எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதற்குப் பத்ருப் போரின் சமயத்து நிகழ்ச்சி ஒன்று போதும். முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். எதிரிகளோ அவர்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒவ்வோர் ஆளும் ஒரு படைக்குச் சமமான நேரம். அந்த நேரத்தில் ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களுடைய தந்தையாரும் மதீனாவை நோக்கி வரும் வழியில் குறைஷிகளிடம் அகப்பட்டார்கள். நாயகத்தோடு சேர்ந்து போரிடுவதில்லை என்று அவர்களிடம் வாக்கு வாங்கிக்கொண்ட பிறகே குறைஷிகள் விட்டனர். இருவரும் வந்து நடந்ததைச் சொன்னபோது, அந்த வாக்கைக் காக்குமாறும் போரில் சேராதிருக்குமாறும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் காணப்படும் செய்தி இது. எதிரிக்கு, நெருக்கடியில் கொடுத்த வாக்கு! அதையும் முறிக்கவில்லை. இரண்டு ஆள் குறைந்தாலும் வாக்குக் குறையக் கூடாது என்பது அன்று நின்ற நெறி. ஒரு கிண்ணத்துக்காக வாக்கை முறிக்கலாமா என்று கேட்பவர்க்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை.

ஆனால் வாக்குக்கு எல்லையும் உண்டு. திருமறையின் கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு அமர்ந்த வரலாறு வருகிறது. அமர்த்திய பெரியவர் நபி ஷுஐப் (அலை) என்பது பலருடைய கருத்து. எட்டு ஆண்டு கட்டாயத் தவணை. பத்தாகப் பூர்த்தி செய்வது மூஸா அவர்களுடைய விருப்பம். அவருக்குக் கஷ்டம் கொடுக்கத் தாம் விரும்பவில்லை என்றும் அந்தப் பெரியவர் சொன்னார். நீண்ட தவணையையே மூஸா (அலை) நிறைவேற்றினார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு.

இந்த ஒப்பந்தத்தை இன்றைய காற்பந்து ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றும் மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம் என்று பல ஒப்பந்தங்களில் எழுதுகிறார்கள். ஆனால் நீட்டிக்கும் விருப்பம் பெரும்பாலும் யார் கையில்? குழுவின் கையில். மத்யனிலோ அந்த விருப்பம் உழைப்பவர் கையில் இருந்தது. பலசாலியாகிய கட்சி, பலவீனமான கட்சிக்கு விட்டுக்கொடுத்தது. அதனாலேயே உழைத்தவரும் தம் பங்குக்கு எட்டோடு நில்லாமல் பத்தையும் முடித்துக் கொடுத்தார். விசுவாசம் என்பது இப்படித்தான் பிறக்கும். தவணைக்குள் அது கடமை. தவணைக்குப் பின் அது நன்கொடை. நன்கொடையைக் கடனைப்போல் வசூலிக்க எவருக்கும் உரிமையில்லை.

எனவே தவணை முடித்து, கணக்குத் தீர்த்து, கைகுலுக்கிவிட்டுச் செல்லும் ஆட்டக்காரரைத் துரோகி என்பது அநியாயம். அவர் போனதில் நமக்கு வருத்தம் இருக்கலாம். வருத்தம் வேறு, தீர்ப்பு வேறு.

வியர்வையும் கூலியும்

மூன்றாவது விஷயமே இன்று நம் நாட்டில் மிகவும் புண்பட்டுக் கிடக்கும் இடம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நாயக வாக்கு என அறியாத முஸ்லிம் இல்லை. காற்பந்தில் வியர்வை கண்ணெதிரே சிந்துகிறது. பல்லாயிரம் பேர் பார்க்கிறார்கள். கூலியோ மாதக்கணக்கில் வருவதில்லை.

நமக்கு அண்டை மாநிலத்து மலாக்கா யுனைடெட் குழுவுக்கும், சரவாக் யுனைடெட் குழுவுக்கும் சம்பள நிலுவை முதலான பணக் குறைபாடுகளால் 2023 பருவத்துக்கு உரிமம் கிடைக்கவில்லை. 2025-ல் பழம் பெருமை வாய்ந்த கெடா குழு உரிமம் பெறவில்லை. பேராக், பகாங் குழுக்கள் சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டன. குழு மறைந்தால் நாம் வேறு குழுவின் ஆட்டத்தைப் பார்க்கிறோம். ஆனால் அந்தக் குழுவில் ஆடியவருக்கு வீட்டு வாடகை இருக்கிறது. வாகனக் கடன் இருக்கிறது. பிள்ளையின் பள்ளிச் செலவு இருக்கிறது. நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவருக்குப் பின்னால் பெயர் தெரியாத இருபது பேர் இருக்கிறார்கள் என்பதையும், காற்பந்தாட்டக்காரருடைய தொழில் முப்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

“குழுவிடம் பணம் இல்லை; இல்லாதவர் எப்படிக் கொடுப்பார்? கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்லித் திருமறையே கூறுகிறதே?” என்று சில சகோதரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2020-ல் கொள்ளைநோய் வந்து ஆட்டங்கள் நின்றபோது பல நாடுகளில் ஆட்டக்காரர்கள் தாமாகவே சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். எதிர்பாராத கஷ்டத்தில் விட்டுக்கொடுப்பது நற்குணம். ஆனால் கஷ்டத்தில் இருப்பவரும், கஷ்டம் வரும் என்று தெரிந்தே கையெழுத்திட்டவரும் ஒருவரல்லர். பெட்டியில் பத்து ஆளுக்குப் பணம் இருக்க, இருபது ஆளை எடுத்து, ஸ்பான்சர் வந்தால் கொடுக்கலாம், பட்டம் கிடைத்தால் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் எழுதுபவர், எழுதுகிற அந்த நிமிஷத்திலேயே வாக்கை முறித்துவிடுகிறார். வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள் அல்லவா?

உலகக் காற்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபா 2018-ல் ஒரு விதியைச் சேர்த்தது. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் வராவிடில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இவ்வாறு முறித்துக்கொண்டு செல்பவர் வாக்குத் தவறியவர் ஆகார். அவர் செல்லுமுன்பே வாக்கு முறிந்துபோயிற்று, முறித்தது அவரன்று. இந்த ஒரு விஷயத்தை நம் இளைஞர்கள் உணர்ந்தாலே, பாதிப் பேச்சு நின்றுவிடும்.

யாரை எடுப்பது, யாரை விடுவது?

ஆளைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்திலும் மத்யன் வரலாறே நமக்கு வழிகாட்டுகிறது. மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளுமாறு தம் தந்தையிடம் சிபாரிசு செய்த பெண்மணி, இரண்டு குணங்களைக் கூறினார். ஒன்று பலம், மற்றொன்று நம்பிக்கைக்குரிய தன்மை. பலம் மட்டும் போதாது. நாணயம் மட்டும் இருந்தாலும் பந்து கோலுக்குள் போகாது. இரண்டும் வேண்டும்.

இந்த நம்பிக்கை ஆட்டக்காரரிடம் மட்டுமன்றித் தேர்வு செய்பவரிடமும் இருக்க வேண்டும். 2025 ஜூனில் வியட்நாமை 4–0 என நம் தேசியக் குழு வென்றபோது நாடே மகிழ்ந்தது. செப்டம்பரில், அக்குழுவில் சேர்க்கப்பட்ட வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் தகுதி குறித்துப் போலி ஆவணங்கள் பயன்படுத்தப்பட்டதாக ஃபிஃபாவின் ஒழுங்குக் குழு முடிவு செய்து, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்கு அபராதமும் ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடையும் விதித்தது. நவம்பரில் மேல்முறையீட்டுக் குழுவும் அதனை உறுதி செய்தது. வழக்கு அதற்கு மேல் விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்றது. அந்த வழக்கில் தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. ஆயினும் பலத்தை மட்டும் தேடி, காகிதத்தின் நாணயத்தைப் பின்னுக்குத் தள்ளினால், பெற்ற வெற்றியும் கையில் நில்லாது என்ற பாடம் எவர்க்கும் பொருந்தும்.

இனி, குழுவில் இருந்தும் ஆட்டத்தில் இடம் பெறாதவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தம் சம்பளத்துக்கு உறுதி தருகிறதே அல்லாமல் திடலில் இடத்துக்கு உறுதி தருவதில்லை. பதினொருவரைத் தேர்ந்தெடுப்பது பயிற்றுநருடைய அமானிதம். தம் மகனை, தம் நண்பனை, தம் ஊரானை அவர் இறக்கிவிட்டால் அது மோசம். தகுதியைப் பார்த்து ஒருவரை வெளியே உட்காரவைத்தால் அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சம்பளம் கட்டுபடியாகவில்லை என்பதற்காக ஒருவரைத் தனியே ஓடவிட்டு, உடைமாற்றும் அறையை விட்டு விலக்கி, மனம் நொந்து அவராகவே போகும்படி செய்வது கொடுமை. ஒரு கட்சியை நெருக்கி ஒப்பந்தத்தை முறிக்கச் செய்யும் துன்புறுத்தலை ஃபிஃபா விதியும் ஒப்புவதில்லை. நேரே சொல்லிக் கணக்கைத் தீர்த்து அனுப்புவதே ஆண்மை. 2014-ல் காயத்தின் காரணமாகப் பாப்லோ ஐமாரின் ஒப்பந்தத்தை நம் ஜொகூர்க் குழு இடையில் முடித்துக்கொண்டதை அறிவோம். முடிப்பது தவறன்று, முடிக்கும் விதத்தில்தான் தர்மம் இருக்கிறது.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வளவும் பெரிய குழுக்களுக்குச் சொன்ன புத்தி என்று நினைத்து நாம் பக்கத்தைத் திருப்பிவிடக் கூடாது. இரண்டு காரியங்கள் நேரே நம்மைச் சேர்ந்தவை.

முதலாவது, நம் பிள்ளைகள். செடெனாக்கின் தோட்டத் திடல்களில் ஆடும் பையன்களில் சிலரையேனும் நாளை ஒரு குழு அழைக்கும். அப்போது தகப்பனார் மகிழ்ச்சியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், சாட்சி வேண்டும், இயலாதவருக்காக அவருடைய காப்பாளர் நியாயமாகச் சொல்லி எழுதிக்க வேண்டும் என்றெல்லாம் அவ்வசனம் விவரிக்கிறது. பையனுக்காகக் கையெழுத்திடும் தகப்பனார் அத்தகைய காப்பாளரே. ஃபிஃபா விதிப்படி 18 வயது நிரம்பாதவருடன் மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செல்லாது. மற்றவர்க்கும் பொதுவாக ஐந்து ஆண்டே உச்சம். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு குழுவோடு பேசலாம். இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மொழி புரியவில்லையானால் படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு பிரதியைக் கட்டாயம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு ஆட்டக்காரர் ஒப்பந்தத் தவணை முடியுமுன் வேறு நாட்டுக் குழுவுக்குப் பணத்துக்கு மாறினால், அந்தத் தொகையில் நூற்றுக்கு 5 பங்கு, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றிய குழுக்களுக்குச் சேர வேண்டும் என்று விதி இருக்கிறது. வளர்த்தவரை மறவாதே என்பதைக் காற்பந்து உலகமே சட்டமாக எழுதி வைத்திருக்கும்போது, சிறு திடலில் பந்து வாங்கிப் போட்டு வளர்த்த பெரியவர்களை நாம் மறக்கலாகுமா?

இரண்டாவது, நமது கடைகள். நம் சமூகத்தார் பலர் உணவுக் கடையும் மளிகைக் கடையும் நடத்துகிறோம். தமிழகத்திலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் ஆள் வரவழைக்கிறோம். அந்தப் பணியாளும் ஒரு தவணைக்கு வந்தவர்தாம். போஸ்மானுடைய சான்றிதழைப் பிடித்து வைத்த குழுவைக் கண்டு மனம் கொதிக்கும் நாம், பணியாளுடைய பாஸ்போர்ட் யாருடைய மேசை அறையில் பூட்டிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். மற்றொருவருடைய பாஸ்போர்ட்டை உரிமையின்றி வைத்துக்கொள்வது 1966-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி இந்நாட்டில் குற்றம். “பத்திரத்துக்காக வைத்திருக்கிறோம்” என்பார்கள் சிலர். அவர் கேட்ட அன்றே, கேட்ட அந்த நேரமே கைக்கு வருமானால் அது பத்திரம். காரணம் கேட்டு இழுத்தடித்தால் அது சிறை. சம்பளமும் அப்படியே. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது 1955-ம் ஆண்டு வேலைச் சட்டம். வியர்வை உலருமுன் என்ற நமது சட்டம் அதனினும் முந்தியது. அதனினும் குறுகிய தவணை உடையது.

ஒப்பந்தம் முடிந்து அந்தப் பணியாள் பக்கத்துக் கடைக்குப் போனால், “நாம் வரவழைத்த ஆள், நம் சோற்றைத் தின்றவன்” என்று பேசுவதும் கேட்கிறோம். அவர் தின்றது சோறு மட்டுமன்று; பதினான்கு மணி நேரம் அடுப்பின் முன் நின்ற உழைப்பின் பலன் அது. தவணை தீர்ந்த பின் அவரும் சுதந்திர மனிதரே.

ஆட்டக்காரர் யாருடைய சொத்து என்று தலைப்பில் கேட்டோம். அவர் குழுவின் சொத்தல்லர், மாநிலத்தின் சொத்தல்லர், காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய நமது சொத்துமல்லர். அவர் அல்லாஹ்வின் அடியார். குழுவுக்கு அவர் கொடுத்திருப்பது ஒரு தவணைக்கான வாக்கு. குழு அவருக்குக் கொடுத்திருப்பது கூலிக்கான வாக்கு. இந்த இரண்டு வாக்குகளையும் ஒரே படியால் அளக்கக் கற்றுக்கொண்டால், திடலில் எந்தக் குழு வென்றாலும் நாம் தோற்கமாட்டோம்.

வாக்குக் கொடுத்தால் காப்பவர்களாகவும், வேலை வாங்கினால் கூலியைக் குறையாமல் கொடுப்பவர்களாகவும், எந்த மனிதனையும் நம் உடைமையென்று எண்ணாதவர்களாகவும் வல்ல நாயன் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.